பதினேழாவது கனெக்டர்

டேப்பின் நுனியை நகத்தால் கிளறி இழுத்ததும், உள்ளே தேங்கியிருந்த செம்மண் தண்ணீர் மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை ஓடியது. ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், சென்சாரின் ஒயர் வந்து பூட்டும் கனெக்டர் அது; அதற்குள் தண்ணீர் புகுந்தால் என்ஜின் நின்றுவிடும். பிரித்தான். மூன்று பின்களும் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தன. பிரிக்காமலேயே அவனுக்குத் தெரியும். வேறு எங்காவது கோளாறு இருந்து தொலைக்கக்கூடாதா என்று ஒரு நப்பாசை, அவ்வளவுதான்.

சுகாதார நிலையத்து ஜீப் அது. ஆற்றைக் கடந்து மலைமேல் இருக்கும் நான்கு குடியிருப்புகளுக்குப் போய்வர வேண்டும், பாலம் கிடையாது. மழைக்காலத்துக்கு முன்னால் எல்லா கனெக்டருக்குள்ளும் தண்ணீர் புகாதபடி செய்து தரச் சொல்லி அவனிடம் விட்டிருந்தார்கள். மொத்தம் பதினேழு. பதினாறை அவன் நகை வேலை மாதிரி செய்தான். பின்களைப் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்து, புது ரப்பர் வளையம் போட்டு, வெள்ளை கிரீஸைப் பட்டும் படாமலும் தடவி, டக்கென்று பூட்டும் சத்தம் காதில் விழும்வரை அழுத்தினான். ஒயரைக் கொஞ்சம் தழைத்து வளைத்துக் கட்டினான். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போய்விடும்.

பதினேழாவதை எட்ட வேண்டுமானால் அடித்தகட்டைக் கழற்ற வேண்டும். எட்டு போல்ட், எல்லாம் துரு. இடுக்கு வழியாக இரண்டு விரலை நுழைத்து, மேலோடு டேப்பைச் சுற்றிவிட்டு வெளியே வந்தான். கொடுத்திருந்த தாளில் பதினேழுக்கும் டிக் போட்டான். ஏன் அப்படிச் செய்தோம் என்று ஒரு வாரமாகக் காரணம் தேடிப் பார்த்துவிட்டான். உடம்புக்கு ஒன்றுமில்லை. அவசரமும் இல்லை. யாரும் விரட்டவில்லை. சோம்பல். அதற்கு மரியாதையான பெயர் ஏதும் கிடைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஜீப் நடு ஆற்றில் நின்றுவிட்டது. தண்ணீர் சீட்டைத் தொட்டபோது டிரைவர் அந்தப் பெண்ணை முதுகில் சுமந்து கரையேற்றினார். கூடவே வந்த நர்ஸ் பாறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஒற்றைக் கையோடுதான் பிரசவம் பார்த்தார், தார்ப்பாய்க்கு அடியில். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் வண்டி ஏன் நின்றது என்று விசாரணை வந்தது. அந்த டிரைவர் எலக்ட்ரீஷியனுடைய தங்கையைக் கட்டியவர். விசாரணையில் அவர் சொன்னதை, விசாரித்த சுகாதார நிலைய அலுவலர் அப்படியே இவனிடம் திருப்பிச் சொல்லியிருந்தார்.

"ஒயரிங் எங்க மச்சான் செஞ்சது சார். அதுல கொற இருக்காது. நான்தான் வேகமா எறக்கிட்டேன் போல."

மாப்பிள்ளையிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, நிலையத்து வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிட்டார்கள். வண்டியைச் சோதித்து அறிக்கை எழுதித் தரும் வேலை, சுற்றி வளைத்து, இவன் கைக்கே வந்து சேர்ந்தது.

இன்று எட்டு போல்ட்டையும் கழற்ற இருபது நிமிடம்தான் ஆனது. புது கனெக்டரை ஒழுங்காகப் பொருத்தியதும் என்ஜின் முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. பழையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அறிக்கைத் தாளில் 'ஒயரிங்கில் குறை எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். இப்போது குறை இல்லைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அவனுக்கே அருவருப்பாக இருந்தது. அலுவலர் சாப்பிடப் போயிருந்தார். வண்டி ஓடும் சத்தம் கேட்டு மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். பழுது இருந்ததா என்று கேட்கவில்லை. நேரமாகிவிட்டது, வீட்டில் போய்ச் சாப்பிடுங்கள் மச்சான் என்றுதான் சொன்னார்.

தங்கை சோறு போட்டாள். அவர் தூங்கியே ஒரு வாரம் ஆகிறது, கண்ணயர்ந்தால் பிரேக்கை மிதிப்பதுபோலக் காலை உதைக்கிறார் என்றாள். "நீயாவது சொல்லுண்ணா, அது உங்க தப்பு இல்லன்னு. நீ சொன்னா கேப்பாரு."

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். "அவர் தப்பு இல்லம்மா. என் தப்பு," என்றான். தட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

தங்கை கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தாள். "இத ஏன் எங்கிட்ட சொல்ற? அவர்கிட்ட போய்ச் சொல்லு."

கேட்டில் மாப்பிள்ளை பழைய கனெக்டரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"தகட்டக் கழட்டணுமேன்னு விட்டுட்டீங்களா?"

"ஆமா."

"எத்தன போல்ட்டு?"

"எட்டு."

ஓர் அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தான். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மாப்பிள்ளை கனெக்டரை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளியே நின்ற வண்டிக்காகக் கேட்டைத் திறக்கப் போனார்.

எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, நடந்ததை உள்ளபடி வேறொன்றில் எழுதி அலுவலரிடம் கொடுத்தான். இனிமேல் இந்த வளாகத்து வண்டி எதையும் நீ தொட வேண்டாம் என்று, குரலை உயர்த்தாமல் சொல்லி அனுப்பினார். கட்டுப் போட்ட கையோடு நடைபாதையில் வந்த நர்ஸிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். "உள்ள பேஷன்ட் இருக்காங்கண்ணே," என்று அவர் விலகிப் போனார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் அந்த ஜீப் அவன் பட்டறை வாசலில் வந்து நின்றது. சாவி மாப்பிள்ளைக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. "ஏறுங்க மச்சான்," என்றார். இவன் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான்.

ஆறு கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை முதல் கியரில், நடக்கும் வேகத்தைவிட மெதுவாக, வண்டியை இறக்கினார். தண்ணீர் பம்பரைத் தாண்டி ஏறியது. நடு ஆற்றில், அன்று வண்டி நின்ற அதே இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். என்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க, எதிர்க்கரையில் நர்ஸ் வழுக்கி விழுந்த பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து முதலில் செருப்பை நனைத்தது, பிறகு கணுக்காலை. அவன் காலைத் தூக்கிக்கொள்ளவில்லை.