கறைபடாத நாற்பது புத்தகங்கள்

பெருமக்களே, சற்று நில்லுங்கள். அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்துக்கு அப்பால், சிமெண்டுப் புழுதி கூரையிலும் குடிநீரிலும் படியும் ஒரு சிற்றூருக்கு என்னோடு வாருங்கள். அங்கே பகல் வெளிச்சத்தில், கைதட்டலோடு நடந்த அருவருப்பை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

சென்ற ஞாயிறு காலை அவ்வூர்ப் படிப்பகத்தில் கோடை வாசிப்பு விழா. சிறப்புப் பேச்சாளன் நான். 'விடுமுறையில் வாசிப்பின் இன்பம்' என்பது எனக்கு அளித்த தலைப்பு. படிப்பகச் செயலாளர் பஞ்சநாதன் இரும்பு பீரோவைத் திறந்து நாற்பது கதைப் புத்தகங்களை வெளியே எடுத்தார். அத்தனையிலும் அந்துருண்டை நாற்றம். நாற்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாக அவற்றை வழங்கியவன் நானே. புகைப்படக்காரர் சாமிதுரை கூவினார்:

"தம்பி, புஸ்தகத்தத் தலகீழாப் புடிச்சிருக்க பாரு!"

"விடுப்பா, போட்டோவுல யாரு படிக்கப் போறா? சட்டுனு எடு" என்றார் பஞ்சநாதன்.

நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். எழுதும் இந்நேரத்தில் என்மீதே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

படம் எடுத்து முடிந்ததும் செயலாளர் குரல் கொடுத்தார். "வரிசையா வந்து புஸ்தகத்த வச்சிட்டு, பிஸ்கட் வாங்கிட்டுப் போங்க!" ஏழாண்டுகளாக இதுவே வழக்கமாம். மே மாதத்தில் புத்தகம் வெளியே வரும், படத்துக்கு நிற்கும், மீண்டும் பீரோவுக்குள் அடையும். 'நூல்களைச் சிறப்பாகப் பராமரிக்கும் படிப்பகம்' என்று பொறித்த கேடயம் வேறு, அலமாரியில் பளபளக்கிறது.

அன்று மேசைக்குத் திரும்பியவை முப்பத்தொன்பது. தேடிப் போனபோது, தண்ணீர்த் தொட்டியின் பின்னால் குத்துக்காலிட்டு அமர்ந்து ஒரு சிறுமி படித்துக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்புக்குப் போகவிருக்கும் நர்மதா. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரம் அவள் வீடு. பஞ்சநாதன் புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சாம்பல் நிறத்தில் கட்டைவிரல் தடம்.

"திருட்டுத்தனம் வேற, அழுக்கு வேறயா?"

"திருடலங்க சார். படிச்சிட்டுத் தந்துடுவேன்."

சத்தம் கேட்டு அவள் தாய் பூங்காவனம் ஓடிவந்தார். "எங்க வூட்டுல சோத்துலயே சிமெண்ட்டுத் தூசிங்க. அது எம்புள்ள வவுத்துக்குள்ள போவலாம், ஒங்க புஸ்தகத்துல மட்டும் படக்கூடாதா?"

"அடுத்த வாரம் அதிகாரிங்க பார்வையிட வராங்கம்மா. இதக் காட்டுனா கேடயத்தத் திருப்பிக் கேப்பாங்க. ஒனக்கென்ன தெரியும்?"

நர்மதா அழவில்லை. பீரோவின் கதவு சாத்தப்படுவதைப் பார்த்தபடியே கேட்டாள்: "சார், அந்த ஆமக்குட்டி கடலுக்குப் போய்ச் சேந்துச்சா? அத மட்டும் சொல்லிடுங்க."

"எந்த ஆமக்குட்டி?" என்றார் பஞ்சநாதன்.

ஏழாண்டுகள் காவல் காத்த மனிதர், காத்தது என்னவென்றே அறியாதவர்! அந்தத் தடங்கள் அழுக்கா? அந்தப் பீரோவில் உயிரோடிருந்த ஒரே புத்தகத்தின் நாடித்துடிப்பு அல்லவா அவை? அவரோ பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, மேடைக்கு வாங்க. வாசிப்போட இன்பத்தப் பத்தி நாலு வார்த்த பேசுங்க."

"அந்தப் புத்தகத்த அவ கையில குடுங்க, பேசுறேன்."

"அதெல்லாம் ஆவாதுங்க. யப்பா முத்தமிழ்செல்வா, நீ நன்றியுரை சொல்லி முடிச்சிடு."

நன்றியுரை ஒலிபெருக்கியில் முழங்கியது. வாசிப்பை வளர்த்தமைக்காக எனக்கும் அதில் ஒரு நன்றி! நர்மதா பிஸ்கட்டைக்கூட வாங்காமல் வெறுங்கையோடு லாரிச் சாலையில் நடந்து போனாள்.

பள்ளி திறக்க இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. ஆமைக்குட்டி பாதி மணலில் நிற்கிறது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் அந்தப் பீரோவின் முன் நிற்கப்போகிறேன். அரியலூரிலிருந்து வாருங்கள், பெரம்பலூரிலிருந்து வாருங்கள்; ரெட்டிபாளையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். வர இயலாதவர்கள் உங்கள் ஊர்ப் படிப்பகத்துக்குப் போய்ச் சாவியைக் கேளுங்கள். தரும்வரை வாசலை விட்டு நகராதீர்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். கையைக் கழுவிக்கொண்டு வரும்படி அவர்களிடம் சொல்லாதீர்கள்.