வெடிச்சத்தமும் அழகுமீனாவும்

சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவனுக்கு வெடிச்சத்தம் ஆகாது என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். காளீஸ்வரனுக்கு ஆகாது. கம்பெனியில் புது ரகங்களை வெடித்துப் பார்க்கும் நாளில் எப்படியோ அவனுக்கு விருதுநகரில் ஒரு வேலை வந்துவிடும். இப்போது விஷயம் தெரிந்தவள் மனைவி கற்பகவல்லி மட்டும்தான்.

ஊருக்கே தெரிந்திருந்த காலமும் உண்டு; ஊர் அதை மறந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆறாம் வகுப்பில் விளையாட்டு விழா, நூறு மீட்டர் ஓட்டம். துப்பாக்கி வெடித்ததும் மற்ற பையன்கள் பாய்ந்து ஓட, காளீஸ்வரன் காதைப் பொத்திக்கொண்டு கோட்டிலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். கண்ணைத் திறந்தபோது ஓட்டம் முடிந்திருந்தது. “பட்டாசுக் கம்பெனி முதலாளி மகன் வெடிக்குப் பயந்து உக்காந்துட்டாரு” என்று மைக்கில் யாரோ சொல்ல, மைதானமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அவனுக்கு ‘நமுத்த வெடி’ என்றுதான் பெயர்.

இந்த வருடம் அதே பள்ளி அவனைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. சால்வை, பேச்சு, பரிசளிப்பு, அவ்வளவுதான் என்று நினைத்துப் போனான். கொடியேற்றி முடித்ததும் பி.டி. டீச்சர் பொன்னுத்தங்கம் ஒரு எவர்சில்வர் தட்டில் துப்பாக்கியைக் கொண்டுவந்து நீட்டினார்.

“முதல் ஓட்டத்தை விருந்தாளிதான் தொடங்கி வைக்கணும் சார். பொம்பளைப் பிள்ளைக இருநூறு மீட்டர்.”

மேடையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எடுத்துக்கொண்டான்.

ஓட்டக்கோட்டுக்கு நடக்கும்போது டீச்சர் குரலைத் தணித்தார். “முதல் லேன்ல நிக்கிறா பாருங்க, அழகுமீனா. ஆமத்தூர்ப் பிள்ளை. ஒன்பதாவது படிக்கா. பிறவியிலேயே காது கேக்காது. உங்க கையைப் பார்த்துத்தான் ஓடுவா. வெடிக்கிறப்ப கையைச் சடக்குனு கீழ இறக்கிருங்க. அதுவரைக்கும் ஆட்டிராதீக, அம்புட்டுதான்.”

அவனை முதல் லேனுக்குப் பக்கவாட்டில் சற்று முன்னால், அவள் கண்ணில் படும்படி நிறுத்தினார்கள். பெண்கள் குனிந்தார்கள். காளீஸ்வரன் கையை உயர்த்தினான். விரல் விசையைத் தொட்டதுமே சத்தம் வரப்போகிறது என்று உடம்பு முந்திக்கொண்டது. தோள் ஒடுங்கியது, கை வெட்டி இழுத்தது. அழகுமீனா கிளம்பிவிட்டாள். வெடி அதற்குப் பிறகுதான் வெடித்தது.

விசில் ஊதினார்கள். மற்றவர்கள் நின்றார்கள். அவள் நிற்கவில்லை. வளைவில் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு ஆசிரியர் குறுக்கே ஓடிக் கையை விரித்து மறிக்கவேண்டியிருந்தது. மைதானம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று காளீஸ்வரனுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு அது கேட்கவில்லை, ஆனால் இத்தனை வாய்கள் திறந்திருப்பதைப் பார்த்தபடி நடந்துவந்தாள்.

நடுவர் மைக்கை எடுத்தார். “முதல் லேன் ஃபவுல். வெளிய வந்துரும்மா.”

“இல்ல சார்” என்றான் காளீஸ்வரன். நடுவர் கையில் இருந்த மைக்கில் அது ஒலிபெருக்கி வரைக்கும் போய்விட்டது. நிறுத்தவும் முடியவில்லை. “பிள்ளை மேல தப்பில்ல. எனக்கு வெடிச்சத்தம்னா பயம். கை ஆடிருச்சு. கை அசைஞ்சா ஓடணும்னு சொல்லியிருக்கு, ஓடிட்டா.”

பின்வரிசையிலிருந்து சிரிப்பு கிளம்பிப் பந்தல் முழுக்கப் பரவியது. அவன் காது மடல் சுட்டது. நடுவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையசைத்துவிட்டு, நடந்ததை அழகுமீனாவுக்குச் சைகையில் சொன்னார். “சரி, மறுபடியும்” என்றார் நடுவர்.

துப்பாக்கியில் புதிதாக மருந்து வைத்துக் கொடுத்தார்கள். அவன் கையை உயர்த்திவிட்டு, இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, அவன் விரல்களைப் பார்த்தாள். இமை அசையவில்லை. அப்படி ஒரு பார்வையை அவன் எந்த மனிதரிடமும் கண்டதில்லை. அவ்வளவு பெரிய மைதானத்தில் அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு கைதான். அந்தப் பார்வையே தன் கையைத் தாங்கிப் பிடித்திருப்பதுபோல் அவனுக்குத் தோன்றியது. விசையை அழுத்திக் கையை இறக்கினான்.

வெடித்ததா என்றுகூட அவனுக்கு நினைவில்லை. கண்முன்னால் இருந்தவள் இல்லை. செருப்பில்லாத கால்கள் கரிசல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. மற்ற பெண்கள் பக்கத்தில் வருகிறவளைத் திரும்பிப் பார்த்தார்கள், கூட்டத்தைப் பார்த்தார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. வளைவில் உடம்பைச் சாய்த்தபோது கீழே விழுந்துவிடுவாள் என்று பதறினான். விழவில்லை. நேர்ப்பாதைக்கு வந்தபோது அவள் முன்னால் யாருமே இல்லை. சிரித்துக்கொண்டிருந்த பந்தல் எழுந்து நின்றது. அவள் எல்லைக்கோட்டைத் தாண்டியும் ஓடி, சுற்றுச்சுவரில் இரண்டு கையையும் ஊன்றித்தான் நின்றாள்.

மூச்சு அடங்கியதும் அவளே அவனிடம் வந்தாள். டீச்சரைப் பார்த்துக் கையால் ஏதோ கேட்டாள்.

“நீங்க எதுக்குப் பயந்தீகன்னு கேக்கா சார். அந்தச் சத்தம் எப்பிடி இருக்குமாம்?”

வாழ்நாள் முழுக்க வெடிக்கு நடுவில் இருந்தவன், முஷ்டியை மடக்கித் தன் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்துக் குத்திக் காட்டினான். அவள் கண் விரிந்தது. தன் நெஞ்சிலும் அதேபோல் குத்திக்கொண்டு, ஓட்டக்கோட்டைச் சுட்டிக்காட்டினாள்.

டீச்சர் சிரித்தார். “ஓடுறதுக்கு முன்னாடி அவளுக்கும் அப்பிடித்தான் அடிக்குமாம்.”

அடுத்த ஓட்டத்துக்குப் பையன்கள் வரிசையாக வந்து நின்றார்கள். “குடுங்க சார், இனி நான் பாத்துக்கிடுதேன்” என்று டீச்சர் துப்பாக்கிக்குக் கை நீட்டினார்.

“இருக்கட்டும் டீச்சர். நானே வெடிக்கேன்” என்றான் காளீஸ்வரன்.