ஒரே குவியல்

தையல் மெஷினை விட்டு இறங்கும்போது ஒரு நைட்டி முடிந்துபோனது மாதிரிதான் தெரியும். ஆனால் அதை அப்படியே கடையில் தொங்கவிட முடியாது. கழுத்துப் பட்டை, கை மடிப்பு, அடி ஓரம் என்று ஊசி நின்ற ஒவ்வோர் இடத்திலும் ஒரு நூல் வால் தொங்கும். அந்த வால்களை ஒட்ட வெட்டி, தையல் எங்கேயும் விட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, மடித்து, கவரில் போட வேண்டும். பிசிறு வெட்டுவது என்று அதற்குப் பெயர். ஆனையூரில் யூனுஸ் வாடகைக்கு எடுத்திருந்த மாடியில் மூன்று பெண்கள் இந்த வேலையைப் பார்த்தார்கள். நீள மேசை ஒன்று, ஆளுக்கொரு குவியல்.

பாண்டிமீனாவின் கைதான் வேகம். ரோகிணி நடுத்தரம். சமயநல்லூரிலிருந்து பஸ் ஏறி வரும் தங்கப்பொண்ணுக்குச் சிக்குன்குனியா வந்துபோன பிறகு விரல் முட்டிகள் சரியாக மடங்குவதில்லை. பிசிறு வெட்டும் கத்தரிக்கு விரல் வளையம் கிடையாது. உள்ளங்கையில் வைத்து அமுக்க வேண்டும், விட்டால் தானாக விரியும். ஒரு நைட்டிக்கு எத்தனையோ அமுக்கு. வலிக்கிற கைக்கு அது லேசான வேலை இல்லை.

கூலி பீஸ் கணக்கில் இருந்தவரை தங்கப்பொண்ணின் கை மெதுவாக இருந்தது யாருக்கும் தொந்தரவாகத் தெரியவில்லை. வெட்டிய பீஸுக்குத்தான் காசு. மெதுவாக வெட்டினால் நஷ்டம் அவளுக்கு, முதலாளிக்கு இல்லை. அதனால் யூனுஸும் அவன் மனைவி ஜெயினம்பும் யாரையும் விரட்டியதில்லை. ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று எழுந்தால் போய்விட்டு வா என்பார்கள். மேசையில் உட்கார்ந்தவர்கள்தான் கறாராக இருந்தார்கள். ஒரு பீஸ் இடம் மாறிக் கிடந்தாலும் பாண்டிமீனா விடமாட்டாள். "என் குவியல்ல கை வச்சா நூலுக்குப் பதிலா விரலு போயிரும், பாத்துக்க அத்தே" என்று தங்கப்பொண்ணிடம் கத்தரியைக் காட்டுவாள். தங்கப்பொண்ணு, "வெட்டிவிடு தாயி, வலியாவது விடும்" என்பாள்.

பிறகு அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியது. தொழிலாளர் துறையிலிருந்து வந்தவர் தன்மையாகத்தான் சொன்னார். பீஸ் கணக்கை வைத்துக்கொள்ளலாம், ஆனால் முழு நாள் வேலைக்கு இருக்கிற ஆளுக்கு அந்த நாள் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். பீஸ் கணக்கில் குறைந்தால் மீதியை முதலாளி போட்டுக் கொடுக்க வேண்டும்.

தையல்காரர்களால் சிக்கல் வரவில்லை. அவர்கள் பீஸிலேயே அந்தக் கூலியைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். சிக்கல் பிசிறு மேசையில் வந்தது. பீஸ் ரேட்டை யூனுஸ் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தான். ரோகிணியின் குவியல் ஒரு நாள் கூலிக்குச் சரியாக வந்தது. பாண்டிமீனா அதற்கு மேல் கால் பங்கு வெட்டினாள், அது அவளுக்கு லாபம். தங்கப்பொண்ணு கால் பங்கு குறைந்தாள். அந்தக் கால் பங்கு இனி யூனுஸின் பையிலிருந்து போக வேண்டும். தங்கப்பொண்ணின் கை முன்னைப்போலத்தான் இருந்தது. நஷ்டம்தான் இடம் மாறியிருந்தது.

யூனுஸ் விளக்குத்தூண் பக்கம் தான் சரக்குப் போடும் மொத்தக் கடைக்குப் போய் நைட்டிக்கு விலை ஏற்றித் தரக் கேட்டான். கடைக்காரர் சிவக்குமார் டீ வாங்கிக் கொடுத்தார். "பாய், நானும் ஏத்தலாம். ஏத்துனா பக்கத்துக் கடையில வாங்கிட்டுப் போயிருவாங்க" என்று வேறு ஊரிலிருந்து இன்னும் மலிவாக வந்த நைட்டி ஒன்றை எடுத்து மேசையில் போட்டார். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. அது ரேட் ஏற்றியதற்கே சரியாகப் போயிற்று.

அன்று சாயங்காலம் யூனுஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து மனைவியிடம் சொன்னான். இந்த மாதம் பார்ப்போம். தங்கப்பொண்ணு குவியல் ஏறவில்லை என்றால் நிறுத்திவிடலாம். அந்த வேலையை வீட்டுக்கு எடுத்துப்போய் வெட்டிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், அங்கே யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

"அவுகளுக்கு இத விட்டா வேற வேல இல்லங்க" என்றாள் ஜெயினம்பு.

"தெரியும்" என்றான்.

ஜெயினம்புக்கு மறைத்து வைத்துப் பழக்கமில்லை. மறுநாள் தங்கப்பொண்ணைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போய் உள்ளதைச் சொன்னாள். தங்கப்பொண்ணு வாடகை வீட்டில் தனியாக இருக்கிறவள். சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பி, சாப்பாட்டுக்கும் எழுந்திருக்காமல் வெட்டினாள். பாண்டிமீனா என்னவென்று கேட்டாள். படிக்கட்டில் பேசியது காதில் விழுந்த ரோகிணிதான் சொன்னாள்.

அந்த வாரத்திலேயே தங்கப்பொண்ணின் குவியல் உயர்ந்தது. பாண்டிமீனாவின் குவியல் இறங்கி ரோகிணியின் குவியலோடு சமமாக நின்றது. ஜெயினம்பு முதலில் சந்தோஷப்பட்டாள், பிறகு சந்தேகப்பட்டாள். தங்கப்பொண்ணின் குவியலிலிருந்து நாலைந்தை எடுத்துப் பார்த்தாள். நைட்டியை மடிக்கும்போது ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயும் வரும். வலது கைக்காரர்கள் மடித்தால் ஒரு பக்கம், இடது கைக்காரர்கள் மடித்தால் மறு பக்கம். மேசையில் இடது கைக்காரி பாண்டிமீனா ஒருத்திதான். தங்கப்பொண்ணின் குவியலில் அவள் மடித்த நைட்டிகள் ஊடே ஊடே கிடந்தன.

யோசித்துப் பார்த்தபோது ஜெயினம்புக்கு முழுதும் விளங்கியது. யூனுஸ் போட வேண்டிய கால் பங்கை இப்போது பாண்டிமீனா போட்டுக்கொண்டிருந்தாள். தன் லாபத்தை எடுத்துப் பக்கத்துக் குவியலில் வைத்துவிட்டு, நாள் கூலியோடு வீட்டுக்குப் போனாள். ஒரு பீஸுக்குச் சண்டை போட்டவள், கண்ணுக்குத் தெரியாமல் முழங்கையால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெயினம்பு கண்டுகொள்ளாமல் இருந்திருக்கலாம். ஆனால் சில நாள் பாண்டிமீனா தள்ளவில்லை, அன்றைக்குத் தங்கப்பொண்ணின் குவியல் சரிந்தது. மாதக் கடைசியில் யூனுஸ் கவனித்துப் பார்த்தால் போச்சு. இதற்கு ஒரு வழி செய்துவிட்டால் என்ன என்று தோன்றியது. தனித்தனிக் குவியல் இருந்தால்தானே ஏற்றம் இறக்கம் தெரியும். மூன்று பேர் வெட்டுவதும் ஒரே குவியலில் விழட்டும், கூலியைச் சமமாகப் பிரிக்கலாம். வேகக் கையும் மெதுக் கையும் கூடினால் மூன்று நாள் கூலிக்குச் சரியாக வரும். யாரையும் நிறுத்த வேண்டியதில்லை, யாரும் ஒளித்துத் தள்ளவும் வேண்டியதில்லை.

யூனுஸ் கேட்டுவிட்டுத் தலையாட்டினான். கணக்கு இடித்தால் சொல்லியிருப்பான், இடிக்கவில்லை. மறுநாள் காலையில் ஜெயினம்பு குவியல்களைப் பிரிக்க மேசை மேல் சாக்பீஸால் போட்டிருந்த கோடுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். தங்கப்பொண்ணு கையெடுத்துக் கும்பிட்டாள். ரோகிணிக்கு எப்படியென்றாலும் ஒன்றுதான்.

பாண்டிமீனா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அப்ப இனி தினமும் என் கால் பங்கு போயிருமாக்கா?"

"நீதான ஏற்கெனவே குடுத்துக்கிட்டு இருக்க" என்றாள் ஜெயினம்பு. புகழ்ந்து சொல்வதாகத்தான் நினைத்தாள்.

"நான் முடிஞ்சன்னைக்குக் குடுத்தேன். எம்மகளுக்கு ஃபீஸ் கட்டுற வாரம் குடுக்கல. அத்தைக்கும் அது தெரியும், ஒண்ணும் சொல்லல. நானாக் குடுக்கிறது வேற, நீங்க எடுத்துக் குடுக்கிறது வேற."

"உனக்குத் தெரியாதா, அவுகள நிறுத்தச் சொல்றாரு."

"தெரியும்க்கா. தெரிஞ்சுதான குடுத்தேன்." அவள் குரல் ஏறவில்லை. "அவுகளுக்குக் கூலி போட வேண்டியது பாய். அது எப்படி எந்தலையில வந்துச்சு?"

பாய் தலையிலும் இடமில்லை என்று ஜெயினம்பு சொல்லலாம். சிவக்குமார் போட்ட நைட்டியைப் பற்றிச் சொல்லலாம். அதெல்லாம் உண்மைதான். அதைக் கேட்டு பாண்டிமீனா தன் மகளின் ஃபீஸைக் கட்ட முடியாது. கோடுகளைத் திரும்பப் போட்டுவிடலாமா என்றும் நினைத்தாள். போட்டால் தங்கப்பொண்ணு போவாள்.

தங்கப்பொண்ணு எழுந்தாள். "நான் நின்னுக்கிறேம்மா. அந்தப் புள்ள காச விடக் கூடாது."

"உக்காரு அத்தே" என்றாள் பாண்டிமீனா. "நீ போனா மட்டும் எனக்கு மனசு நல்லா இருக்குமா? நாகமலை புதுக்கோட்டையில ஒரு கம்பெனியில ஆள் கேக்குறாக. அங்க பீஸ் கணக்குத்தான். நான் போறேன்."

வாரம் முடியும் வரை இருந்தாள். ஒரே குவியலில்தான் வெட்டிப் போட்டாள், கையைக் குறைக்கவில்லை. கடைசி நாள் தன் கத்தரியைச் சாணை பிடித்துத் தங்கப்பொண்ணிடம் கொடுத்தாள். அதன் ஸ்பிரிங் லேசு, அமுக்கினால் வலி குறைச்சல் என்றாள்.

அவள் இடத்துக்கு ஆள் போடலாமா என்று ஜெயினம்பு கேட்டாள். யூனுஸ் யோசித்தான். புது ஆள் பாண்டிமீனா அளவுக்கு வெட்டமாட்டாள். மூன்று பேருக்கும் குறையும், மூன்று பேருக்கும் போட்டுக் கொடுக்க வேண்டும். வேகக் கை போன பிறகு இந்த மேசை தன்னைத் தானே தாங்காது. இதை அவன் சொல்லி முடிக்கும் முன்பே ஜெயினம்புக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை சமையலை வெள்ளென முடித்துவிட்டு, பாண்டிமீனா உட்கார்ந்த இடத்தில் ஜெயினம்பு உட்கார்ந்தாள். கூலி கொடுக்கிற வீட்டு ஆள் கூலி கேட்பதில்லை. அவள் வெட்டுகிற பங்கு அப்படியே மற்ற இருவர் கூலிக்கு முட்டுக் கொடுக்கும். பழைய கத்தரி ஒன்று உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. மதியத்துக்குள் கட்டைவிரல் அடியில் கொப்புளம் கண்டது. தங்கப்பொண்ணு எட்டிப் பார்த்து, "துணிய ஒரு இழுப்பு இழுத்துப் பிடிச்சு வெட்டுங்கம்மா, இல்லன்னா ஓட்டை விழுந்துரும்" என்றாள்.

சாயங்காலம் யூனுஸ் மேலே வந்தான். வெளியே அலைந்த களைப்பில் மேசையைப் பார்த்தபடியே பழக்கத்தில் கேட்டான். "குவியல் கொறஞ்சிருக்கே. யாரு கை?"

ரோகிணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"புது ஆளு" என்றாள் ஜெயினம்பு. "பழகணும்ல."

அவன் அவள் கையைப் பார்த்தான். மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு மேசை ஓரமாக உட்கார்ந்து, மடித்து வைத்திருந்த நைட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவரில் போட ஆரம்பித்தான்.