நான்காவது சக்கரம்

கொழுந்தனின் வயிறு ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. உள்ளே கூடத்தில் அண்ணன் உயிரில்லாமல் படுத்திருக்க, வெளியே தம்பி ஒரு காருக்குள் சிக்கிக்கொண்டு, "யாராவது கையைக் குடுங்கப்பா" என்று ரகசியக் குரலில் கேட்டார். துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது. ஆகவே வந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் இருமினார்கள்.

"சீட்டைப் பின்னாடி தள்ளுங்க" என்றார் எதிர்வீட்டு பஸ் டிரைவர்.

"வந்தாத்தானே தள்றதுக்கு? அண்ணன் வெல்டு வச்சுட்டுப் போயிருக்கார்."

இறந்தவரின் மனைவி வாசற்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டு ஏன் நகராது என்பது அங்கே அவளுக்கு மட்டும்தான் தெரியும். அது அவளுடைய கால் அளவு. தையல்காரரான அவள் வீட்டுக்காரர் ஒரு நாள் இஞ்ச் டேப்போடு வந்து, இடுப்பிலிருந்து முழங்காலுக்கும் முழங்காலிலிருந்து குதிகாலுக்கும் அளந்து, காருக்குள் சாக்பீஸால் கோடு போட்டு, சீட்டை அந்தக் கோட்டில் வைத்து ஒரேயடியாகப் பற்ற வைத்துவிட்டார். எனக்கு ஓட்டத் தெரியாதே என்றாள் அவள். எனக்கும்தான் தெரியாது என்றார் அவர். பேச்சு அத்தோடு முடிந்தது.

காரை இப்போது நகர்த்தியே ஆகவேண்டும். வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவிலிருந்த நடை ஒரு கார் அகலம்தான். அதில் கார் நின்றது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்தபோது, சுவருக்கும் காருக்கும் நடுவே அவரைப் பக்கவாட்டில் சாய்த்து, பீரோவை இறக்குவதுபோல் உள்ளே கொண்டுபோனார்கள். அதைப் பார்த்த மகள், இன்னொரு தடவை அப்பாவை அப்படிச் சாய்க்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சவ வண்டி வருவதற்குள் கார் தெருவுக்குப் போகவேண்டும்.

அது மாமனாரின் கார். அவர் இருந்தவரை பிள்ளைகள் இருவரும் அதைத் துடைக்கலாம், தள்ளலாம். ஓட்ட மட்டும் கூடாது. தள்ளுவதில் குடும்பத்துக்கே நல்ல பயிற்சி உண்டு. ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்ட அன்று, தள்ளினால் பற்றிக்கொள்ளும் என்று தள்ளிக்கொண்டே போய், மண்டபத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த மாமனார் மட்டும் வேர்க்காமல் இறங்கி, வண்டி இன்றைக்கு நன்றாக இழுத்தது என்றாராம். அவர் போன பிறகு கார் வீட்டுக்குப் பின்னால் நின்றது. ஒரு பூசணிக்கொடி இந்த ஜன்னலில் நுழைந்து அந்த ஜன்னலில் வெளியேறிக் காய்த்தது. பின்சீட்டில் கோழி ஒன்று குடும்பம் நடத்தியது. அதன் பேரன் பேத்திகள் கார்தான் உலகம் என்று நம்பியே வாழ்ந்து முடித்ததாகத் தையல்காரர் சத்தியம் செய்வார். கதவைத் திறந்தால் ஒரு பூனை எழுந்து உட்கார்ந்து, யார் வேண்டும் என்பதுபோல் பார்க்கும்.

எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் கொழுந்தன். இரும்புக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, பாதிக்கு மேல் துரு, துருவை நாங்கள் எடுப்பதில்லை என்றார். "அப்ப துருவை எடுத்துட்டுக் கூப்பிடறேன்" என்றார் தையல்காரர். இரும்புக்கடைக்காரர் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். அவரும் இன்று துக்கம் கேட்க வந்திருந்தார். வந்த இடத்தில், பழக்க தோஷம், கை தன்பாட்டுக்குக் காரின் கதவைத் தட்டிப் பார்த்தது. தகரத்தின் சத்தம் கணீரென்று இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தையல்காரர் காரை முன்பக்க நடைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, துருவை உண்மையிலேயே எடுத்தார். கடை மூடிய பிறகு தினமும் கொஞ்சம். ஓட்டை விழுந்த இடத்தைக் கத்தரித்து, சட்டை முழங்கையில் ஒட்டுப் போடுவதுபோல் தகரத்தில் ஒட்டுப் போட்டார். கால்சட்டைத் துணியில் சீட்டு உறை தைத்தார். கை பழகிய பழக்கம், ஒவ்வொரு உறைக்கும் இரண்டு பாக்கெட் வைத்தார். பாக்கெட் எதற்கு என்று கேட்டவர்களிடம், சீட்டுக்கும் செலவு இருக்காதா என்றார்.

கல்யாணமான நாள் முதல் கடையில் வெட்டுவது அவர், மெஷின் மிதிப்பது அவள். மிதி, பிடி, போதும். அவர் அவளிடம் அதிகம் பேசியது இந்த மூன்று சொற்களைத்தான். மிச்ச நேரம் மௌனம். துணியை விரித்துக் கத்தரியைக் கையில் எடுத்தால் அப்படியே நிற்பார். டீ வந்து ஆறும், ஏடு படியும், ஈ விழும், அவர் நிற்பார். அந்த நேரத்தில் யாராவது வாயைத் திறந்தால் துணி கோணலாகப் போய்விடும் என்பது கடைச் சட்டம். அதை மீறிய ஒரே வாடிக்கையாளருக்கு ஒரு கால் குட்டையாகத் தைத்துக் கொடுத்துவிட்டு, குறை காலில்தான் என்று சாதித்தார். அந்த மனிதர் கொஞ்ச நாள் நொண்டியதாகவும் கேள்வி.

காரிலும் அவளுக்கு அதே வேலைதான் கிடைத்தது. பிரேக் குழாய்க்குள் காற்று இருந்தால் மிதி பஞ்சுபோல் அமுங்கும், கார் நிற்காது. காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து, ஒரு சின்னத் திருகைத் தளர்த்தி, காற்றும் எண்ணெயும் குமிழி விட்டு வெளியே வந்ததும் திரும்ப முறுக்க வேண்டும். முறுக்கிவிட்டு, போதும் என்று சொல்லும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போய்விடும். போன வாரம் அவள் அவசரப்பட்டு எடுத்துவிட்டாள். அவர் திட்டவில்லை. முடித்த சக்கரங்களையும் சேர்த்து முதலிலிருந்து ஆரம்பித்தார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

நேற்று மூன்று சக்கரம் முடிந்தது. நான்காவது, அவள் உட்கார்ந்திருந்த பக்கத்து முன்சக்கரம். கதவு திறந்திருந்தது. அவருடைய கால்கள் இரண்டும் காருக்குக் கீழேயிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. மிதி என்றார், மிதித்தாள். பிடி என்றார், பிடித்தாள். மிதி மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

யோசிக்கிறார் என்று நினைத்தாள். பேசாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மதில் நிழல் பானட்டின் மேல் ஏறியது. பாதம் மரத்தது, அப்புறம் கணுக்கால், அப்புறம் முழங்கால். நிழல் கண்ணாடியைத் தொட்டபோதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். பஸ் டிரைவர் டியூட்டி முடிந்து வந்து, கேட்டுக்கு வெளியே நின்று, "என்னம்மா, ஐயா கீழேயே தூங்கிட்டாரா?" என்று கேட்ட பிறகுதான் காலை எடுத்தாள்.

கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம் என்றார் டாக்டர். டாக்டர்கள் எல்லோரிடமும் சொல்வதுதான். ஆனால் கொழுந்தன் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். காலையில் வந்தவர்களிடம், கொஞ்சம் முன்னாடி பார்த்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார் என்றார். பத்து பேர் வந்து போவதற்குள் அவர் பேச்சில் அண்ணன் எழுந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். உச்சிவேளைக்குள் கடையைத் திறந்து நான்கு கால்சட்டையும் வெட்டிவிட்டார். அவள் தூணோரம் உட்கார்ந்து, தன் வீட்டுக்காரர் மறுபடி மறுபடி பிழைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. வலது காலும் நேற்றிலிருந்து வரவில்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கால்போல் கூடவே இருந்தது.

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அப்பா விழுந்தப்ப நீ எங்கேம்மா இருந்தே?"

"பக்கத்துலதான்."

"சத்தம் ஏதாவது குடுத்தாரா?"

"இல்ல."

மகள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவரும் கீழே கிடந்து எதற்கோ காத்திருந்தாரா, தான் மேலே அவருடைய சொல்லுக்குக் காத்திருந்தது மாதிரி, என்பதை இவள் சொல்லவும் இல்லை. நேற்றிலிருந்து அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது, நூல் தீர்ந்த பிறகும் ஓடுகிற மெஷின் மாதிரி.

இரண்டு பேர் இழுத்துக் கொழுந்தனை வெளியே எடுத்தார்கள். சட்டைப் பொத்தான் ஒன்று காருக்குள்ளேயே தங்கிவிட்டது.

"பிரேக் இருக்கா இதுல?" என்றார் பஸ் டிரைவர்.

"நாலாவது சக்கரம் முடிச்ச மாதிரி தெரியல. ஸ்பேனர் கையிலதான் இருந்துச்சு" என்றார் கொழுந்தன்.

"அப்ப இல்லேன்னே வச்சுக்குவோம். கேட்டைத் தாண்டினா சரிவு. ஆளுக்கொரு கல்லு எடுத்துக்குங்க."

சரிவின் கீழே, தெருவில், வாடகை நாற்காலிகளில் வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் படியிறங்கினாள். "நான் உட்கார்றேன்."

"அண்ணி, உங்களுக்கு ஓட்டத் தெரியாதே."

"யாருக்குத் தெரியும்? அந்த சீட்டு எனக்குத்தான் சரியா இருக்கும்."

கதவோரம் அவருடைய செருப்புகள் கழற்றிப் போட்டபடியே கிடந்தன. அவற்றைத் தாண்டி ஏறி உட்கார்ந்தாள். முழங்கால் மடங்க வேண்டிய இடத்தில் மடங்கியது. வலது காலைக் கையால் தூக்கி மிதியின் மேல் வைத்தாள். கால் அங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

தள்ளினார்கள். பயிற்சியுள்ள குடும்பம், கார் நகர்ந்தது. முன்சக்கரம் கேட்டைத் தாண்டியதும் தள்ளுவதற்கு அவசியம் இல்லாமல் போயிற்று. கல் வைத்திருந்த இருவரில் ஒருவர் கல்லைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார். மற்றவர் கல்லோடு சேர்ந்து கார் பக்கத்தில் ஓடினார். "அண்ணி, அண்ணி" என்று கொழுந்தன் பின்னாலேயே வந்தார். நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்தார்கள்.

திருகு திறந்திருந்தால் மிதி தரைவரை போகும்.

மிதித்தாள். மிதி பாதி வழி இறங்கியது. அதற்கு மேல் கல்லாக இறுகி நின்றது. கார் மூக்கை ஒரு தடவை தாழ்த்தி நிமிர்ந்து, முதல் நாற்காலிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பஸ் டிரைவர் மூச்சு வாங்க வந்து, குனிந்து, அவள் பக்கத்து முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "சொட்டு ஒழுகல. நல்லா முறுக்கி முடிச்சுட்டுத்தான் போயிருக்கார் மனுஷன்."

அவள் எதிரே கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறுக்கி முடித்திருக்கிறார். முறுக்கினால் அடுத்த மூச்சில் சொல்லிவிடுவார், எப்போதும். முறுக்கியதற்கும் அவர் போனதற்கும் நடுவில் அந்த ஒரு மூச்சுத்தான் இருந்திருக்கிறது.

சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். வந்தவர்கள் நாற்காலிகளைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள். தெருமுனையில் சவ வண்டி திரும்புவது தெரிந்தது. மகள் ஜன்னலில் குனிந்தாள்.

"கல்லு வச்சாச்சும்மா. போதும்."

அவள் உடனே எடுக்கவில்லை. பெருவிரலில் எறும்பு ஒன்று ஊர்வதுபோல் இருந்தது. பிறகு பாதத்தில் ஒன்று, பிறகு நிறைய. குனிந்து பார்த்தாள். கீழே கொழுந்தனின் சட்டைப் பொத்தான் மட்டும் கிடந்தது. எறும்பு ஒன்றுகூட இல்லை.