திண்டுக்கு ஊற்றிய தேநீர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வசவிலிருந்து கிடைத்தது. மற்ற எழுத்தாளர்களுக்கு விடியற்காலைக் கனவிலும் ஆற்றங்கரை நடையிலும் கதை கிடைக்கிறதாம், பேட்டிகளில் சொல்கிறார்கள். நான் அல்மாத்தி நகரத்தில் என் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதினது நீதானே என்று ஒரு பெண் கேட்டார். ஆமாம் என்றேன், பாராட்டப் போகிறார் என்ற நப்பாசையில்.

பாராட்டவில்லை. உர்கியா என்பது அவர் பெயர். படப்பிடிப்பு நடந்த ஊர்க்காரர். அவர் மருமகள் உல்துவாரை நாங்கள் நாசமாக்கிவிட்டோமாம். மூச்சுவிடாமல் திட்டினார். திட்டி முடித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை வீட்டுல டீ. தெருப் பெரியவங்க முன்னாடி அவ மன்னிப்புக் கேக்கப்போறா. நீயும் வந்து உக்காந்து பாரு. ராத்திரி ரயில்ல குளிரும், கம்பளி எடுத்துக்க."

திட்டின வாயாலேயே கம்பளி எடுத்துக்கொள்ளச் சொல்கிற பெண்ணை எந்தக் கதையில் வில்லியாக்குவது? முதல் சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

2

தொடக்கங்கள். இரண்டைக் குப்பையில் போட்டேன், நீங்களும் பார்த்துவிடுங்கள்.

"சிர்தாரியா நதியோரம், காற்றில் கண்ணீர் கலந்த ஓர் இலையுதிர்" — போதும். அந்த ஊர்க் காற்றில் கலந்திருப்பது உப்பும் மணலும். கண்ணீர் விமர்சகர்கள் சேர்ப்பது.

"உல்துவார் ஒரு சாதாரணப் பெண்." (ஒரு பெண்ணைச் சாதாரணப் பெண் என்று எழுதினால் அடுத்த பக்கத்தில் அவளை ஏதோ செய்யப் போகிறார்கள் என்று அர்த்தம். நானும் அப்படி எழுதிப் பிழைத்தவள்தான், எனக்குத் தெரியும்.)

மூன்றாவது இது: உல்துவார் என்ற பெயருக்கு 'மகன் பிறப்பான்' என்று பொருள். மூன்று பெண்கள் வரிசையாகப் பிறந்த வீட்டில் நான்காவதாக வந்தவளுக்கு அப்படிப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். பிறந்த அன்றைக்கே, உன்னைக் கேட்கவில்லை அம்மா, உனக்கு அடுத்ததைக் கேட்டோம் என்று நெற்றியில் எழுதி ஒட்டுவது போல. இதை நான் சொன்னபோது அவள் சிரித்தாள். தம்பி பிறந்தானாம், ஆக அவள் பெயர் வேலை செய்துவிட்டதாம்.

இந்தத் தொடக்கத்தையே வைத்துக்கொள்கிறேன். இனி நிலவரம். உல்துவார் மாமியார் உர்கியாவோடு இருக்கிறாள். மாமனார் இல்லை, இறந்துவிட்டார். கணவன் குவாத் காஸ்பியன் கடல் பக்கம் எண்ணெய்க் கிணற்றில் வேலை, பாதி மாதம் அங்கே, பாதி மாதம் வீட்டுச் சோபாவில். ஒரே மகள் இங்கார், ஒன்பது வயது. மகள் என்று நான்தான் சொல்கிறேன். முதல் பிள்ளையைத் தாத்தா பாட்டி மடியில் போட்டுவிடுகிற வழக்கப்படி, பிறந்த மாதமே இங்காரை உர்கியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் உர்கியா பக்கத்தில்தான் படுக்கிறாள். உர்கியாவை அம்மா என்கிறாள். பெற்றவளை அக்கா என்கிறாள்.*

* தாத்தா போன பிறகாவது பிள்ளையைத் திருப்பித் தந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கணவனை இழந்தவளிடமிருந்து பிள்ளையைப் பிடுங்குவதா என்று ஊர் கேட்கும். ஊர் எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

3

இப்போது இலக்கியம். பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாக முடிக்கிறேன்.

படம், நாங்கள் எல்லோரும் பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த ஒரு பழைய நாவலிலிருந்து எடுத்தது. பெயரைச் சொல்லமாட்டேன், மாணவர்கள் வழக்குப் போடுவார்கள். நாயகி கான்பிபி. பணக்கார வீட்டு மருமகள். ஒரு சாயங்காலம் மாமனாரின் கிண்ணத்தில் தேநீரை விளிம்புவரை ஊற்றுகிறாள். எங்களில் அரைக் கிண்ணம் ஊற்றினால் மரியாதை, இன்னும் பலமுறை ஊற்றித் தர ஆசை என்று பொருள். தளும்ப ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். மாமனாரையே அவர் வீட்டிலிருந்து கிளம்பச் சொன்ன கான்பிபி, அப்புறம் தானே கிளம்பிப் பனிப்புயலில் போய்ச் சேர்கிறாள். வசந்தத்தில் பனி உருகும்போது அவளைக் கண்டெடுக்கிறார்கள். ஆசிரியர் அதற்கு இரண்டு பக்கம் அழுகிறார்.

எனக்கு ஒரு சந்தேகம். நம் பெரிய நாவல்களில் பேர் கெட்ட பெண்கள் எல்லோரும் எப்படிக் கடைசி அத்தியாயத்துக்குச் சரியாக ஒரு புயலையோ ஆற்றையோ கண்டுபிடித்துவிடுகிறார்கள்? அவர்களைக் கெடுத்த ஆண்களில் ஒருவனாவது பனியில் வழி தவறினானா? தவறமாட்டான். அவன் அடுத்த அத்தியாயத்தில் ஆட்டு மந்தையை எண்ணிக்கொண்டிருப்பான், கொஞ்சம் சோகமாக. பெண்ணுக்கு நீதி கேட்டு எழுதின புத்தகமாம். நீதி கிடைப்பதற்குள் அவளைக் கொன்றுவிட்டால் வேலை சுலபம்.

இயக்குநர் ஸங்காரிடம் இதைச் சொன்னேன், கான்பிபி சாகாமல் இருந்தால் என்ன என்று. நாவலின் ஆன்மா போய்விடும் என்றான். ஆன்மாவைக் காப்பாற்ற ஆளைக் கொல்வது என்று

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் மேடைப் பேச்சாகிவிடும்.)

4

தேநீர் ஊற்றும் காட்சிக்குக் கையை மட்டும் அருகில் காட்டவேண்டும். நாயகியாக நடித்தவருக்கு நகம் நீளம், அதுவும் ஒட்டினது. வெந்நீர் கொதிக்கும் சமோவார்ப் பாத்திரத்தின் குழாயைத் திருகத் தெரியவில்லை. உள்ளூரில் நல்ல கை ஒன்று தேடினார்கள். அந்தத் தெருவில் கல்யாணம், சாவு எதுவானாலும் சமோவார் பக்கத்தில் உட்காருகிறவள் உல்துவார். மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு, அதை ஒப்பனையில் மறைத்தார்கள்.

கேமரா ஓடியது. எதிரே மாமனார் வேடத்தில் வெள்ளைத் தாடி நடிகர். உல்துவார் பால் விட்டு, தேயிலைச் சாயம் விட்டு, வெந்நீர் விட்டாள். பாதியில் நிறுத்தினாள். ஸங்கார் இன்னும் ஊற்று என்றான். சரியென்று தலையாட்டினாள். அடுத்த முறையும் பாதியில் நின்றது. அவன் கத்தினான், கெஞ்சினான், நாவலின் கதையை முழுசாகச் சொன்னான். அவள் எல்லாம் புரிகிறது என்றாள், மறுபடி பாதியில் நிறுத்தினாள். வெள்ளைத் தாடியோடு ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மணிக்கட்டு தானாக நிமிர்ந்துவிடுகிறதாம். வேண்டுமென்று செய்யவில்லை என்று ஸங்காரிடமும் மன்னிப்புக் கேட்டாள்.

கடைசியில் அந்தப் பெரியவரை எழுப்பி டீ குடிக்க வெளியே அனுப்பினார்கள். அவர் இடத்தில் ஒரு திண்டை வைத்தார்கள். திண்டுக்கு முன்னால் அவள் கிண்ணத்தைத் தளும்பத் தளும்ப ஊற்றினாள், ஒரே தடவையில், பிரமாதமாக. வெந்நீர் ஆவியில் ஒப்பனை கரைந்து தழும்பு தெரிந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு ஸங்கார் அந்தக் கைக்குப் பக்கத்தில் தாடிக்காரரின் அதிர்ந்த முகத்தை வெட்டி ஒட்டினான்.

ஆக, நடந்தது இவ்வளவுதான்: உல்துவார் ஒரு திண்டை அவமதித்தாள்.

5

படம் வெளிவந்தது. அல்மாத்தி விமர்சகர்கள் 'கலகம் செய்யும் கை' என்று எழுதினார்கள். நாயகி ஒரு விழாவில் விருது வாங்கிக்கொண்டு, அந்தக் கைகளுக்காகத் நான் எவ்வளவு தவித்தேன் என்று கண்ணைத் துடைத்தார். நகம் ஜொலித்தது.

ஊர்க் கலாச்சார மாளிகையில் இலவசக் காட்சி போட்டார்கள். கிண்ணம் தளும்பியபோது இருட்டில் ஒரு குரல், இது உர்கியா வீட்டு மருமகள் கையாச்சே என்றது. அதற்குப் பிறகு யாரும் படம் பார்க்கவில்லை. அப்படிச் சொல்வது தவறு, பார்த்தார்கள். கான்பிபி பனியில் விழுந்தபோது தேம்பித் தேம்பி அழுதார்கள். மூக்கைச் சிந்திவிட்டு வெளியே வந்து உல்துவாரைப் பேச ஆரம்பித்தார்கள். பெரியவருக்கு முகத்துக்கு நேரே தளும்ப ஊற்றினவள், செத்துப்போன மாமனாருக்கும் அப்படித்தான் ஊற்றியிருப்பாள். மனுஷன் அந்த ஏக்கத்திலேயே போயிருப்பார். ஒரு வாரத்தில் அவர் மாரடைப்பை விட்டுவிட்டுத் தேநீரால் இறந்துபோயிருந்தார்.

உல்துவார் திண்டைப் பற்றிச் சொன்னாள். திண்டுக்கு யாராவது டீ ஊத்துவாங்களா என்று கேட்டார் உர்கியா. கேள்வி நியாயம்தான். சினிமாக்காரர்களைத் தவிர வேறு யார் ஊற்றுவார்கள்?

உர்கியாவுக்கும் வழியில்லை. அவர் வீட்டுக் கிண்ணத்தைத் தெருவே பேசுகிறது. எனவே தீர்ப்பு: வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் குனிந்து மன்னிப்புக் கேள். இல்லையென்றால் பிறந்த வீட்டுக்குப் போ. இங்கார் வரமாட்டாள், அவள் என் பிள்ளை. குவாத்துக்குப் போன் செய்து கேட்டார்கள். பெண்கள் விஷயம், நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றான். சிக்னல் போய்விட்டது.

6

ரயிலில் கம்பளிக்குள் இருந்தபடி முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

நாவல் முடிவு: உல்துவார் பனிப்புயலுக்குள் நடக்கிறாள். (மாதம் செப்டம்பர். வெயில் மண்டையைப் பிளக்கிறது. வேண்டுமானால் தர்ப்பூசணி வண்டி ஒன்று மோதலாம்.)

சினிமா முடிவு: குவாத் எண்ணெய்க் கறையோடு குதிரையில் வந்து அவளைத் தூக்கி— குவாத்தா? குவாத் தண்ணீர்ப் பாட்டிலையே தூக்கமாட்டான்.

விருதுப்பட முடிவு: அவள் எதுவும் பேசாமல் சமவெளியைப் பார்க்கிறாள். மிக நீளமாகப் பார்க்கிறாள். வெளிநாட்டவர் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.

மூன்றிலும் இங்கார் இல்லை. இதை எழுதிய பிறகுதான் கவனித்தேன்.

7

உர்கியா வீட்டு நீலக் கதவு. சமையலறையில் உல்துவார் பாவுர்சாக் என்ற மாவு உருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிர்பார்த்த வாடின முகம் இல்லை, எண்ணெய்ச் சூட்டில் சிவந்த முகம். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி, ஒரு பாவுர்சாக்கைக் கையில் திணித்தாள்.

"எழுத்தாளரம்மா, இதையும் கதையா எழுதுவீங்கதானே?"

எழுதமாட்டேன் என்று பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எழுதுங்க. ஆனா என்னைச் சாகடிக்காதீங்க. அந்தக் கான்பிபி புள்ளை இல்லாதவ, கோவத்துல கிளம்பிப் போயிட்டா. நான் எங்க போறது? போனா என் புள்ளைக்கு நான் அக்கா கூட இல்லாமப் போயிடுவேன்."

குனிந்துவிடுவாயா என்று கேட்டேன். குனிந்தால் முதுகு ஒடியாது என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அல்மாத்தியிலிருந்து கொண்டுபோயிருந்த கலகம் முழுவதும் பைக்குள்ளேயே கிடந்தது.

8

பெரியவர்கள் வந்தார்கள், விருந்தாளிகளுக்கு மரியாதையான மேல்பக்கம் உட்கார்ந்தார்கள். உர்கியா நடுவில், முகம் இறுகிப்போய். உல்துவார் வெள்ளைத் துண்டு தலையில் கட்டி மூன்று முறை குனிந்தாள். சமோவார் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் அரைக் கிண்ணம் ஊற்றினாள். கிண்ணங்கள் காலியாகித் திரும்பத் திரும்ப வந்தன. நல்ல டீ. என்ன சொன்னாலும் அந்தப் பெண் கை நல்ல கை என்று தாடி வைத்த ஒருவர் சொல்லிவிட்டு, எதற்கு வந்தோம் என்று நினைவு வந்து இருமினார்.

உர்கியா சொன்னார், மன்னிப்பைக் கேட்டுவிடு என்று.

உல்துவார் குழாயை மூடினாள். "தப்பு என்னோடதுதான், மன்னிச்சுக்குங்க. பேரு கெட்டவ கையால டீ குடிக்கக் கூடாது, அதுவும் எனக்குத் தெரியும். நீங்க எல்லாரும் மறுபடி மறுபடி வாங்கிக் குடிச்சிட்டீங்க."

பெரியவர்கள் கையிலிருந்த கிண்ணங்களைப் பார்த்தார்கள். கீழே வைத்தால் அவமரியாதை, வைத்துக்கொண்டால் மன்னித்ததாக ஆகிவிடும். தாடிக்காரர் ஒரு வாய் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல் இருந்தது, விருதுப்பட வெளிநாட்டவரைப் போல. நல்லவேளை, உட்கார்ந்தே இருந்தேன்.

கதையை இங்கே நிறுத்தியிருக்கலாம். எழுத்தாளர்கள் இங்கேதான் நிறுத்துவார்கள். உல்துவார் நிறுத்தவில்லை.

"அப்போ என் பேரு சரியாயிடுச்சு. இப்ப ஒண்ணு கேக்கறேன், அத்தை. என் புள்ள என்னை என்னன்னு கூப்பிடணும்?"

உர்கியாவின் முகம் அப்போதுதான் உடைந்தது. "ஒன்பது வருஷமா என் பக்கத்துல படுத்த புள்ள. அவரு போன அன்னிக்கு என் கழுத்தைக் கட்டிக்கிட்டுப் படுத்தது அவதான். அவளும் இல்லன்னா இந்த வீட்டுல எனக்கு யாரு?" என்றார். அவர் நடிக்கவில்லை. ஒரு வில்லி இல்லாமல் இந்தக் காட்சியை எப்படி எழுதுவது என்று பாழாய்ப்போன மூளை அப்போதும் கேட்டது.

உல்துவார் சமையலறைப் பக்கம் திரும்பி, "இங்கார், இங்க வாம்மா" என்றாள்.

இங்கார் பாவுர்சாக் தட்டோடு வந்தாள். இரண்டு பெண்களுக்கும் நடுவில் நின்றாள். கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், காது சிவந்திருந்தது. உல்துவாரைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். இரண்டடி தூரத்தில் இருந்தேன். கிளம்பும்போது உல்துவார் என் கையைப் பிடித்து, அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதாதீங்க, அதையும் ஊர் வந்து அளக்கும் என்றாள். எழுதவில்லை.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அக்கா என்று எழுதினால் ஒருத்தி இந்த அறையிலேயே பிள்ளை இல்லாதவளாகிறாள். அம்மா என்று எழுதினால் இன்னொருத்தி. கான்பிபிக்காக அழுத நல்ல மனசுதானே உங்களுக்கு, யோசித்து எழுதுங்கள். ஆனால் குழந்தையை ரொம்ப நேரம் நிற்க வைக்காதீர்கள். தட்டு கனமாக இருக்கிறது.