மூன்றாவது சரணம்

ஆள் உயிரோடு இருக்கும்போதே அஞ்சலியைத் தயார் செய்து வைப்பது வானொலிக்காரர்களின் வழக்கம். கேட்டால் தொழில் என்பார்கள். பாடகருக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்ததும், நேயர் விருப்பம் நடத்தும் அறிவிப்பாளரை நிலையம் அனுப்பிவைத்தது. "பிறந்தநாள் நிகழ்ச்சின்னு சொல்லிடுங்கம்மா" என்றார் மேலாளர்.

கட்டிலில் சாய்ந்தபடி பாடகர் ஒரு மணி நேரம் சலிக்காமல் பேசினார். பதிவுக் கருவியை அவள் பையில் வைத்தபோதுதான் மெல்லக் கேட்டார்.

"என் பிறந்தநாள் போன மாசமே முடிஞ்சு போச்சேம்மா. இது எந்த நாளுக்கு?"

கையும் களவுமாகப் பிடிபட்டவள் பையின் வாரைத் திரும்பத் திரும்ப இழுத்துக் கட்டினாள். அவரோ சிரித்தார்.

"விடும்மா. அன்னைக்கு நான் கேக்கவா போறேன்? அந்தக் கப்பல் பாட்டை இப்பவே ஒரு தடவை முழுசாப் போடு. மூணாவது சரணத்துலதான் உசிரைக் கொடுத்துப் பாடியிருக்கேன். உங்க ரேடியோவுல அதை மட்டும் போட்டதே இல்ல."

உண்மைதான். கப்பலேறிப் போனவனுக்காகக் கரையில் காத்திருப்பவளின் கதை அந்தப் பாட்டு. நாற்பது வருடமாக வாரம் தவறாமல் நேயர்கள் கேட்கிறார்கள். கப்பலையே பார்க்காதவர்களும் கேட்டு அழுகிறார்கள். முதலிலேயே போட்டால் ஜனங்கள் வானொலியை நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள் என்று அதைக் கடைசியில்தான் வைப்பாள். இரண்டாவது சரணம் முடிய எட்டு மணிச் செய்தி வந்துவிடும். குமிழைத் திருகி ஒலியைக் குறைத்துவிடுவாள். இருபது வருடமாக வாராவாரம் இந்த மனிதரின் கழுத்தையல்லவா திருகியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஞாயித்துக்கிழமை காலையில கேளுங்க சார். வேலையே போனாலும் முழுசாப் போடுறேன்."

ஞாயிறன்று ஏழு ஐம்பதுக்கே பாட்டைத் தயாராக வைத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய மனிதரின் பாட்டைச் சும்மாவா போடுவது? இரண்டு வார்த்தை சொல்வோமே என்று வாயைத் திறந்தாள். அஞ்சலிக்கு எழுதியதெல்லாம் மனப்பாடமாக இருந்தது. உயிரோடிருப்பவருக்கு ஏற்றபடி மாற்றி மாற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கண் கலங்கியது, கடிகாரம் மறந்தே போனது.

பாட்டில் இரண்டாவது சரணம் முடிந்ததும் எட்டு மணிச் செய்திக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. தலைமை நிலையத்திலிருந்து வரும் செய்தி யாருக்காகவும் நிற்காது. பழகிய கை தானாகக் குமிழைத் திருகிவிட்டது. அவரைப் புகழ்ந்த புகழ்ச்சியே அவருடைய சரணத்தைத் தின்றுவிட்டது. பாவி, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். செய்தியோடு காலை ஒலிபரப்பும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நிலையம் மாலையில்தான் திறக்கும்.

செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தாள். மகள்தான் எடுத்தாள்.

"அப்பா கேட்டாரா? திட்டினாரா?"

"இல்லக்கா. பாட்டு நின்னதும் அவரே மூணாவது சரணத்தை எடுத்துட்டார். குரல் எங்க வருது, உதடுதான் அசையுது. அதான் செய்தி வந்துடுச்சே, ரேடியோவை நிறுத்தட்டுமான்னு கேட்டேன். 'இரு, மீதியைச் செய்தி முடிஞ்சதும் போடுவா, சொல்லியிருக்கா'ன்னு காத்துக்கிட்டிருக்கார்."