அடியில் ஒரு சிவப்புப் பொட்டு

ரப்பர் குமிழ் கிழிந்துபோயிருந்தது. ஆய்வகத்தில் எல்லோரையும் போல நானும் பிப்பெட்டை வாயில் வைத்துத்தான் உறிஞ்சினேன். நாயின் சிறுநீரகச் செல்கள் வளரும் குப்பி. காய்ச்சல்காரர் ஒருவரின் தொண்டைச் சளியை அதில் விட்டு, ஃப்ளூ வைரஸ் வளருமா என்று காத்திருந்தோம். வாய் வைக்கும் முனையில் அடைத்த பஞ்சைத் தாண்டி ஒரு சொட்டு நாக்கில் பட்டது. உப்புக் கரித்தது.

வாய் கொப்பளித்துவிட்டு ராஜகோபாலன் சாரிடம் சொன்னேன். சிரித்தார். இதுவரை எந்தக் குப்பியில் வளர்ந்தது, இதில் வளர என்றார். குப்பியின் நீரைக் குழித்தட்டில் எடுத்து, கோழி ரத்தம் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வைரஸ் இல்லையென்றால் ரத்தம் குழியின் அடியில் பொட்டாக இறங்கும். இருந்தால் இறங்காமல் விரிந்து நிற்கும். ஆனால் ரத்தம் தீர்ந்திருந்தது. கடைநிலை ஊழியர் கிட்டு அண்ணன் மறுநாள்தான் கொண்டுவருவார்.

இரும்புலியூரில் எங்கள் வீடு ஒற்றை அறை. அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதத்திலேயே பிறந்த குழந்தை. அன்றுவரை தும்மக்கூட வலுவில்லை. நடந்ததைச் சொன்னால் அம்மா வேலையை விடச் சொல்வாள். சொல்லவில்லை. அக்கா குழந்தையை நீட்டியபோது பின்வாங்கினேன்.

"குறைமாசக் குழந்தைன்னா அவ்ளோ அருவருப்பாடி உனக்கு?"

அக்காவின் கண்கள் நிறைந்திருந்தன. வாங்கிக்கொண்டேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி மூச்சை அடக்கினேன். குழந்தை கையை நீட்டி என் உதட்டைப் பிடித்தது. மூச்சு விட்டுவிட்டேன்.

மறுநாள் ரத்தம் வந்தது. வைரஸ் விடாத குழியில் சிவப்புப் பொட்டு மெல்ல இறங்கியது. எங்கள் குப்பியின் குழியில் இறங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று பார்த்தேன். மெல்லிய சிவப்புப் படலம் அப்படியே நின்றது.

"வளர்ந்துடுச்சும்மா!" ராஜகோபாலன் சார் கிட்டு அண்ணனை இனிப்பு வாங்கிவர அனுப்பினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த குழித்தட்டை மேசையில் வைத்தார்.

ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு ஓடி, டெலிபோன் பூத்திலிருந்து பக்கத்து வீட்டு எண்ணைச் சுற்றினேன். அக்காவைக் கூப்பிட்டார்கள். குழந்தையும் கூடவே வந்தது, முனகல் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன்.

"உடம்பு சுடுதான்னு தொட்டுப் பாருக்கா."

ரிசீவரில் வளையல் சத்தம் கேட்டது.

"லேசா சுடுதுடி," என்றாள். "வெயில்ல தூக்கிட்டு வந்தேன்ல. அதனாலதானே?"